எட்டு வீட்டுக்கு ஒரே வசனம்

எங்கள் வீட்டுக்கும் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் கடுகு தாளித்தால் நாங்கள் தும்முவோம். அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஈப்போவில் சிலிபின் பக்கத்து வீடுகளை எல்லாம் அப்படித்தான் அடித்து வைத்திருந்தான் வீட்டுக்காரச் சீனன். காதைப் பொத்திக்கொண்டு எத்தனை வேலை செய்ய முடியும்?

நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் வேதக்காரர்கள். அதிலும் இரண்டு சபை. ஸ்டானிஸ்லாஸ் பிறந்தது மாதா கோவில் குடும்பத்தில். எல்ஸியைக் கட்டுவதற்காக அவளுடைய தமிழ்ச் சபைக்கு மாறினார். மாறின பிறகு எல்ஸியைவிட அவருக்குத்தான் பக்தி அதிகம். புதிதாக வந்தவர்கள் எங்கேயும் அப்படித்தான்.

அவருடைய ஐ.சி., அடையாள அட்டை, சிவப்பு; மலாய் நாட்டுக் குடியுரிமை இல்லாதவர். அவருடைய அக்கா கத்தரினுக்கு நீலம், குடியுரிமை உள்ளவள். அக்காள் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள். தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா பிரசவத்துக்குத் திருச்சிப் பக்கம் ஊருக்குப் போய், மூன்று வயசுப் பிள்ளையாகக் கப்பலில் திரும்பக் கொண்டுவந்தாள். அந்த ஒரு பயணத்துக்கு அவர் நாற்பத்தைந்து வயசு வரைக்கும் வேலைப் பெர்மிட் புதுப்பித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றதும் எழுபத்தொன்றில் ஈப்போவுக்கு வந்து ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், தச்சு வேலைக்குச் சேர்ந்தார். எல்ஸி ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்தவள், நீல ஐ.சி.க்காரி. இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

எழுபத்தைந்து டிசம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று அரசாங்க ஆபீசிலிருந்து. எல்ஸி பெயரில் எழுதிப்போட்டிருந்த ரூமா மூரா, அந்த மலிவு விலை வீடு, கிடைத்துவிட்டது; ஜனவரி முடிவதற்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இன்னொன்று ஊரிலிருந்து சித்தப்பா மகன் சூசை எழுதினது. அப்பா பங்கு நிலம் சும்மா கிடக்கிறது, அண்ணன் வந்து வீடு கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்று.

எல்ஸிக்கு இந்தியா என்றால் தபால் தலையில் பார்த்ததோடு சரி. ஸ்டானிஸ்லாசுக்கும் மூன்று வயசுக்குப் பிறகு பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு அந்தக் கிணறு ஞாபகம் இருக்கிறதாம். மூன்று வயசில் பார்த்த கிணறு.

"அட்டை வரட்டும்," என்றார் அவர். "அதுல என்ன வருதோ அதுபடி செய்வோம்."

அட்டை என்பது அவர்கள் சபை வழக்கம். புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பிஸ்கட் டின் நிறைய மடித்த அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வீட்டுக்கு ஒன்று, வீட்டுத் தலைவர் எடுக்க வேண்டும். கோவிலில் பிரிக்கக்கூடாது; வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அந்தக் குடும்பத்துக்குச் சொல்கிற வார்த்தை அது. பிறகு காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள். முந்தின வருஷம் ஸ்டானிஸ்லாசுக்குப் பொறுமையாகக் காத்திரு என்கிற மாதிரி ஒன்று வந்தது. கூரை ஒழுகினது. மனுஷன் தச்சர். வருஷம் முழுக்க ஏணியைத் தொடவில்லை. வாளி வைத்து வைத்து எல்ஸிக்கு இடுப்பு போனது.

எழுபத்தாறு ஜனவரி முதல் தேதி பத்து மணிக்கு அவர்கள் வீட்டில் ஜெபச் சத்தம் கேட்டது. நான் உளுந்து அரைத்ததை நிறுத்தினேன். ஆட்டுக்கல் சத்தத்தில் ஜெபத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது இல்லையா?

எல்ஸிதான் வாசித்தாள். வீடுகளைக் கட்டுங்கள், அதில் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் பழத்தைச் சாப்பிடுங்கள் என்று ஒரு தீர்க்கதரிசி சொன்னது.

"போதும்," என்றாள். "இதுக்கு மேல என்ன வேணும்? திங்கக்கிழமையே ஆபீசுக்குப் போலாம்."

பிறகு ஸ்டானிஸ்லாஸ் மெதுவாகச் சொன்னார். "கட்டச் சொல்லியிருக்கு. ரூமா மூராவை யாரு கட்டுறா? அரசாங்கம் கட்டி வச்சிருக்கு. நிலம் இருந்தாத்தான் கட்ட முடியும். தோட்டம் போட முடியும். சூசை எழுதியிருக்கானே, பார்த்தியா?"

ஒரு பாத்திர மூடி கீழே விழுந்தது. தானாக விழுந்த சத்தமாகத் தெரியவில்லை.

அதோடு விட்டாரா? மறுநாள் வேலி ஓரமாக நின்று எனக்கே பாடம் எடுத்தார். அந்த வசனம் ஒரு கடிதத்தில் வருகிறதாம். ஒரு ராஜா ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தூர தேசத்தில் குடிவைத்துவிட்டான். இங்கே நம்மைக் கப்பலில் கொண்டுவந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதுகிறார்: இப்போதைக்கு அங்கேயே வீடு கட்டி இருங்கள், எழுபது வருஷம் ஆனதும் உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று கடவுள் சொல்கிறார்.

"அதே அதிகாரத்துல, கொஞ்சம் கீழே இருக்குக்கா. எங்கப்பா பினாங்குல இறங்கினது எந்த வருஷம் தெரியுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. எழுபதைக் கூட்டுங்க."

கூட்டினேன். எனக்கே மயிர் சிலிர்த்தது.

"எல்ஸி என்ன சொல்லுது?"

"அவ அட்டையில உள்ளது மட்டும்தான் நமக்குங்கிறா. கீழே உள்ளது நமக்கு வரலையாம். வேதத்தை அப்படி வெட்டி எடுக்கலாமா?"

அவரும்தான் வெட்டினார் என்று எனக்குப் பட்டது. அந்த ஊர் நல்லா இருக்க வேண்டிக்கொள்ளுங்கள், அது நல்லா இருந்தால்தான் நீங்கள் நல்லா இருப்பீர்கள் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதாம். எல்ஸி அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். அவர் காதில் அது விழவில்லை.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோப்பெங்கிலிருந்து கத்தரின் பஸ் ஏறி வந்தாள். புருஷன் செத்தவள், பிள்ளை கிடையாது. தம்பியை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. தம்பி கப்பல் ஏறிவிட்டால் அவள் கதி என்ன என்பதுதான் அவள் கவலை. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. வேதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க கோவில்ல சாமியார் வாசிப்பாரு, அர்த்தமும் அவரே சொல்லுவாரு, நாங்க கேட்டுக்குவோம். உங்க கோவில்ல ஆளாளுக்கு டின்னுக்குள்ள கையை விட்டு ஆளாளுக்குச் சாமியாரு. அது யூதருக்கு எழுதின கடுதாசிடா. அடுத்தவன் கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சிட்டு நீ எதுக்குடா மூட்டை கட்டுறே?"

"அக்கா, அப்படிப் பார்த்தா முழு வேதமும் அடுத்தவங்களுக்கு எழுதினதுதான்."

அப்போது எல்ஸி ஒன்று சொன்னாள். அதை மட்டும் நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"சரி, கடுதாசி நமக்கே வந்ததுன்னு வைங்க. அது கைக்கு வந்தப்ப அவங்களுக்கு என்ன வயசு? நாப்பதுன்னு வைங்க. எழுபது வருஷம் கழிச்சு யாரு உயிரோட இருப்பா? திரும்பிப் போனது பேரப்பிள்ளைங்க. கடுதாசி வாங்கினவங்க அங்கேயே வீடு கட்டி அங்கேயே செத்தாங்க. அவங்களுக்குச் சொன்னது கட்டுறதை மட்டும்தான்."

"எங்கப்பாவுல இருந்து எண்ணணும்."

"உங்கப்பா கையில அட்டை வந்துச்சா? உங்க கையிலதான் வந்துச்சு. இன்னையில இருந்து எண்ணுங்க. ரெண்டாயிரத்து நாப்பத்தாறுல போவீங்க. நான் சோறு கட்டித் தாரேன்."

கத்தரின் சிரித்துவிட்டாள். ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய் உளியைத் தீட்ட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பொங்கல் வந்தது. வருஷா வருஷம் முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்து வீடு வீடாகக் கொடுப்பேன். வேதக்காரர்களும் வாங்குவார்கள்; முறுக்குக்கு மதம் கிடையாது. பஸ் கண்டக்டர் ஜெயபாலன் வீட்டுக்குப் போனேன். காலண்டர் பக்கத்தில் அட்டை. சும்மாதான் பார்த்தேன். வீடுகளைக் கட்டுங்கள், குடியிருங்கள் என்று இருந்தது.

"அட, உங்களுக்கும் இதுதானா?"

"ஆமாக்கா. அடுப்படியைப் பின்னால இழுக்கலாமா வேணாமான்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன். ஆண்டவரே சொல்லிட்டார்லா."

பின்னால் பார்த்தால் மரத்தூண் நட்டாகிவிட்டது. முனிசிபல் அனுமதி வாங்கினாரா என்று கேட்டேன். அட்டையைக் காட்டினார். மாசக் கடைசியில் முனிசிபல்காரர்கள் வந்து பிடுங்கிப் போட்டார்கள். அவர்களிடமும் அட்டையைக் காட்டினாராம். அவர்கள் மலாய்க்காரர்கள். மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்களாம்.

மூன்று வீடு தள்ளி நல்லம்மாள். அவளுக்கும் அதே அட்டை. மகன் தனிக்குடித்தனம் போய் ஒரு வருஷம் ஆகிறது. நல்லம்மாள் வசனத்தைப் பார்த்து எழுதி அவனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள்: வேதமே சொல்கிறது, ஒரே வீட்டில் கூடிக் குடியிரு. அவன் பதில் போட்டிருந்தான்: வேதம் சொன்னபடிதான் நான் தனி வீடு பார்த்துக் குடியிருக்கிறேன்.

சதாசிவம் என்று ஒருவர். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றாதவர். வீடு என்றால் சரீரம் என்றார். சரீரத்தைக் கட்டி எழுப்ப வேண்டுமென்று சம்சுச் சாராயம் குடிப்பதை விட்டுவிட்டார். ஒன்பது நாள் விட்டிருந்தார். சன்னாசிக் கிழவர் ரயில்வே தண்டவாளத்து ஓரம் மரவள்ளி நட்டுவிட்டார். இன்னொரு வீட்டில் அட்டையைப் பிரிக்கவே இல்லை. வேதப்புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். அந்த அம்மா காசு எடுக்க உள்ளே போன நேரம் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதேதான்.

இன்னும் இரண்டு வீட்டையும் சேர்த்து மொத்தம் ஏழு வீடு. ஸ்டானிஸ்லாஸ் வீட்டோடு எட்டு. ஏழும் ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும். ஊருக்கு நான் போடுகிற கடிதம் எல்லாம் எழுதிக் கொடுக்கிறவள் எல்ஸிதான்.

போதகர் வீட்டம்மாவிடம் அரைக் கிலோ முறுக்கைக் கூடப் போட்டுக்கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். அட்டை எழுதுவது யார்? பெண்கள் சங்கம். இந்த வருஷம் மூன்று பேர், ஆளுக்கு இருபது. வசனம் அவரவர் விருப்பம். எல்ஸி இருபது எழுதினாள்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கக்கூடாது. எனக்கே தெரியும். பதினெட்டாம் தேதி கத்தரின் பஸ்ஸை விட்டு இறங்கினபோது நானும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன், வெயில் வேறு, வீடு வரைக்கும் கூட நடந்தேன். நடக்கும்போது எதையாவது பேச வேண்டாமா?

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா," என்று இரண்டு தரம் சொன்னேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றாள் கத்தரின்.

கால் மணி நேரம் தாங்கினாள். சோறு போடும்போது ஸ்டானிஸ்லாஸ் மறுபடி எழுபது வருஷத்தை ஆரம்பித்திருக்கிறார். இவளால் பொறுக்க முடியவில்லை.

"எந்தத் தீர்க்கதரிசிடா? உன் பொண்டாட்டிதான் தீர்க்கதரிசி. அவ எழுதி அவளே டின்னுல போட்டா, நீ எடுத்து முத்தம் கொடுத்து ஒட்டி வச்சிருக்கே. எட்டு வீட்டுல ஒட்டியிருக்கு, போய்ப் பாரு."

சபைக்காரர்களை ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவள் குரலில். என்ன செய்தோம் என்பது பிறகுதான் உறைத்தது போல. இங்கேயே இரு என்று தம்பியைப் பிடித்து வைக்க இருந்த ஒரே கயிறு அந்த அட்டைதான்; அதையும் அவளே அறுத்துவிட்டாள். சாப்பிடாமல் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் என்னைப் பார்த்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குப் போயிருந்தார்கள்.

"எத்தனை?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எட்டு."

"மொத்தம்?"

"அறுபது."

"அப்ப மீதி அம்பத்திரண்டுல ஒண்ணு எனக்கு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"எட்டோட ஏன் நிறுத்தினே?"

"இருபதையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமா இருந்துச்சு."

நான் சுவருக்கு நெருங்கி நின்றேன். அந்த நேரத்தில் நீங்களாக இருந்தாலும் நின்றிருப்பீர்கள்.

"வாயால சொல்லியிருக்கலாம்லா, எல்ஸி."

"நாலு வருஷமா வாயாலதான் சொன்னேன். நீங்க என் பேச்சைக் கேக்குறதில்ல. அட்டையில வந்தாத்தான் கேக்குறீங்க. சரி, அட்டையிலயே சொல்லுவோம்னு எழுதினேன். வேதத்துல இல்லாததையா எழுதினேன்? அதையும் திருச்சிக்குத் திருப்பிட்டீங்க."

"நீ வரமாட்டியா?"

"மாட்டேன். நீங்க போனா தடுக்க மாட்டேன். கோபமும் இல்ல. பிள்ளைங்களும் நானும் இங்க இருப்போம்."

இதை அவள் உப்பு பார்க்கிற குரலில் சொன்னாள். அதுவரைக்கும் இது எனக்கு ஒரு நல்ல கதையாகத்தான் இருந்தது. பிறகு இல்லை.

அடுத்த பத்து நாள் அவர் வேலைக்குப் போவார், வருவார், உளி தீட்டுவார். ஒரு சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் வீட்டம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். அட்டை செல்லுமா செல்லாதா என்று கேட்டாராம். எழுதின கை யாருடையதாக இருந்தாலும் வசனம் வேத வசனம்தான் என்றாராம் போதகர். அப்படியானால் அதற்கு எது அர்த்தம், நான் சொல்வதா, எல்ஸி சொல்வதா என்றாராம் இவர். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சபையில் உங்களுக்கு முன்னால் ஆறு பேர் இதே கேள்வியோடு வந்துபோய்விட்டார்கள், ஆறு பேரும் விடையைக் கையோடு கொண்டுவந்தார்கள், ஒருவரும் என் விடையை வாங்கிக்கொண்டு போகவில்லை என்றாராம். பிறகு, எல்ஸிக்கு இனி அட்டை எழுதுகிற வேலை கிடையாது என்றும் சொல்லியனுப்பினார்.

என்னைக் கேட்டால், எனக்கும் ஒரு அர்த்தம் இருந்தது. கட்டின வீட்டிலேயே குடியிருங்கள் என்பதுதான் அது. ரூமா மூரா என்றாலும் இந்தியா என்றாலும் எனக்குப் பக்கத்து வீடு காலி. யாரும் என்னைக் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், ஸ்டானிஸ்லாஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறார். எல்ஸி கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே பக்கமாக நடந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பாசார் பக்கம் வேலை இருந்ததால் அதே பஸ்ஸில் ஏறினேன். ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. எல்ஸி கையெழுத்துப் போட்டாள். அவர் பின்னால் நின்று, அவள் கழற்றி வைத்த பேனா மூடியைக் கையில் வைத்திருந்தார்.

சாயங்காலம் வேலி ஓரமாக அவரைப் பிடித்தேன். சூசைக்குக் கடிதம் எழுதி முடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். நிலத்தை நீயே பயிர் செய்து சாப்பிடு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். கத்தரின் அக்காவுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாகிவிட்டதாம், புது வீட்டில் பின்னறை அவளுக்கு.

"அப்ப எல்ஸி சொன்ன அர்த்தம்தான் சரின்னு ஆயிடுச்சா அண்ணே?"

அவர் கடிதத்தைத் திருப்பி முகவரியைப் பார்த்தார்.

"இல்லக்கா. எழுபது வருஷக் கணக்கு சரிதான். இன்னைக்கு வாசிச்சாலும் எனக்கு அப்படித்தான் தெரியுது."

"பின்ன ஏன் போகல?"

"அவ வரமாட்டா," என்றார். கடிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத் தபால் பெட்டிப் பக்கம் நடந்தார்.